நாலரை மில்லிமீற்றர்

வலது தோளில் தொடங்கும் குத்து முழங்கை வழியே இறங்கிச் சின்ன விரல் வரைக்கும் வரும். வந்தால் விரல் விறைத்து, கை நடுங்கும். பதினாறு வருசம் இரும்புத் தகட்டில் துருத் தட்டிய கை. காலையில் சேட்டு மாட்டுவதற்கே இடக்கை உதவிக்கு வரவேண்டும். ஆனால் ஸ்டிக்கர் தூக்குகிற சாவணத்தைப் பிடித்துவிட்டால் நடுக்கம் நின்றுவிடும். ஏன் என்று டொக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

என் பெயர் கோணேஸ். திருகோணமலை உட்துறைமுக வீதியில் றிஸ்வி நானாவின் மொடல் பட்டறையில் ஸ்டிக்கர் ஒட்டுகிறேன். பஸ்ஸுக்கு ஒட்டுகிற ஸ்டிக்கர் இல்லை. கடற்படையில் ஓய்வு பெறுகிற பெரியவர்களுக்குப் பரிசாகப் போகிற கப்பல், சீனன்குடா விமானப்படைக்காரர் கேட்கிற விமானம், கம்பனிகளின் இழுவைப் படகு எல்லாம் இங்கே முழ நீளத்தில் உருவாகும். அவற்றின் பெயர், இலக்கம், கொடி, கோடு ஆகியவை கொழும்பில் அச்சாகித் தாளில் வரும். தாளை வெட்டித் தண்ணீரில் போட்டு முப்பது எண்ணினால், அச்சுத் தோல் கழன்று மிதக்கும். அதனால் பட்டறையில் அதற்குத் தண்ணி ஸ்டிக்கர் என்று பெயர். மொடலுக்கு முதலே பளபளப்பு வார்னிஸ் அடித்திருக்கவேண்டும். அதன்மேல் தோலை வழுக்கிவிட்டு, இடம் பார்த்து நகர்த்தி, பஞ்சுக் குச்சியால் தண்ணீரை ஒற்றி எடுத்து, கடைசியில் வினாகிரி ஒரு துளி வைக்கவேண்டும். வினாகிரி பட்டால் தோல் இளகிப் பெயின்ரோடு ஒட்டிப்போகும். பிறகு அசையாது. வினாகிரி படாதவரை, ஈரம் இருக்கிறவரை, எத்தனை தரமும் நகர்த்தலாம்.

இந்த ஒரு வித்தியாசத்தை வைத்துத்தான் நான் சிவபாதத்தைப் பிடித்தேன்.

சிவபாதம் முதலாளிக்கு நாலு பார்ஜ். கரையில் இருந்து நங்கூரமிட்ட கப்பலுக்குச் சாமான் கொண்டுபோகிற தட்டையான இரும்பு வள்ளங்கள். முதல் பார்ஜுக்குத் தன் மகளின் பெயரை வைத்தார்: யசோதரா. அவருடைய பார்ஜ் திருத்தும் முற்றத்தில்தான் நான் பதினாறு வருசமும் வேலை செய்தேன். துருத் தட்டுவேன், கிரைண்டர் பிடிப்பேன், சின்ன வெல்டிங் செய்வேன், பெயின்ற் அடிப்பேன்.

ஒவ்வொரு பார்ஜின் விலாவிலும், பத்துச் சென்ரிமீற்றருக்கு ஒன்றாக ஆழம் காட்டும் இலக்கங்களுக்குப் பக்கத்தில், ஒரு வட்டமும் அதை ஊடறுத்து ஒரு கோடும் இருக்கும். அதற்குமேல் தண்ணீர் ஏறக்கூடாது என்று அர்த்தம். ஏறினால் பாரம் கூடிவிட்டது. அந்தக் குறியை வெறும் பெயின்ரில் போட விடமாட்டார்கள். அழியாமல் இருப்பதற்காக வெல்டிங் கோட்டால் வரம்பு கட்டித்தான் பெயின்ற் அடிப்பார்கள்.

ஐந்து வருசத்துக்கு முன் ஒரு நாள் சிவபாதம் என்னை யசோதராவின் பக்கத்தில் கூப்பிட்டார்.

"கோணேஸ், இந்த வட்டத்தைக் கொஞ்சம் ஏத்தி விடு."

"எவ்வளவு முதலாளி?"

அவர் பெருவிரலை வட்டத்தின் கோட்டில் வைத்து, சின்ன விரலை மேலே நீட்டித் தகட்டில் அளந்தார். "ஒரு சாண்."

"தாழுமே முதலாளி."

"தாழுறதும் மிதக்கிறதும் என்ர பாடு. நீ சொன்னதைச் செய்."

செய்தேன். பழைய வெல்டிங்கைக் கிரைண்டரால் வழித்தேன். ஒரு சாண் மேலே புதிதாகக் கோடு இழுத்தேன். வெள்ளைப் பெயின்ற் அடித்தேன். இரண்டு பக்கமும், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் முடிந்துவிட்டது.

அந்த மார்கழியில் புல்மோட்டை மணல் மூட்டை ஏற்றிக்கொண்டு யசோதரா கப்பலுக்குப் போனது. வாடைக்காற்று அடித்தது. பாரம் ஒரு பக்கம் சரிந்து பார்ஜ் கவிழ்ந்தது. மேல்தட்டில் நின்ற இருவர் நீந்தி வந்தார்கள். கீழே பம்ப் அறையில் நின்ற நிதுசன் வரவில்லை. சுழியோடிகள் அடுத்த நாள்தான் எடுத்தார்கள். வயது இருபத்தொன்பது. என்னோடு ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடித்த பொடியன்.

விசாரணைக்கு வந்தவர்கள் மூட்டைக் கணக்கையும் வட்டத்தையும் பார்த்தார்கள். கணக்குப்படி தண்ணீர் வட்டத்தைத் தாண்டியிருக்காது என்று எழுதினார்கள். பார்ஜின் வரைபடத்தை எவரும் விரிக்கவில்லை. பம்ப் அறை மூடியை நிதுசன் சரியாகப் பூட்டவில்லை, அந்த வழியால் தண்ணீர் புகுந்தது என்று சிவபாதம் சொன்னார். அப்படியே முடிந்தது. பிழை செத்தவனுடையது என்பதால் அவன் வீட்டுக்கு நட்டஈடு ஒன்றும் இல்லை.

என்னையும் கேட்டார்கள். பெயின்ற் அடித்தது நீங்களா, ஓம். குறியில் ஏதும் மாற்றம் செய்ததா, இல்லை.

விசாரணைக்கு முதல் நாளே சிவபாதம் என்னிடம் சொல்லியிருந்தார்: "வாயைத் திறந்தா முதல் விலங்கு உனக்குத்தான். கிரைண்டர் பிடிச்சது ஆர்ர கை?"

இரண்டு மாதத்தில் என்னை நிறுத்தினார். கிரைண்டர் ஒன்றைக் களவெடுத்தேன் என்று மற்ற முற்றங்களுக்கும் சொல்லிவிட்டார். துறைமுகத்தில் ஒருவரும் என்னைச் சேர்க்கவில்லை. யசோதராவை நிமிர்த்திக் கழுவி, திரும்ப ஓட விட்டார். வட்டம் நான் ஏற்றிய இடத்திலேயே இருந்தது.

றிஸ்வி நானாதான் என்னை எடுத்தார். ஒரு வருசம் கழித்து நிதுசனின் மனைவி கஜந்தினிக்கும் அங்கே வேலை கேட்டு வாங்கிக்கொடுத்தேன். அன்புவழிபுரத்தில் இருந்து சைக்கிளில் வருவாள். பெயின்ற் வேலையில் என்னைவிடக் கெட்டிக்காரி. கோணேஸ் நல்ல மனுசன் என்று சனம் சொல்கிறது. அவள் பக்கத்து மேசையில் இருந்தால் என் நெஞ்சில் கிடக்கிறது கொஞ்சம் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை.

இந்த வருசம் உலர்ந்த கச்சான் காற்றுத் தொடங்கிய கிழமை நானா ஒரு வரைபடச் சுருளோடு வந்தார்.

"கோணேஸ், ஒரு பார்ஜ் வந்திரிக்கி. சிவபாதம் முதலாளிட. இருபத்தஞ்சு வருசமாம், புது ஒபிஸ் திறக்கிறாராம். கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைக்க யசோதராவக் கேக்கிறார். ஒனக்கு ஏலுமா, இல்லாட்டி வேற ஆளப் பாக்கவா?"

"நான் செய்யிறன் நானா."

"கோவத்தக் கொண்டாந்து மொடல்ல கொட்டாத."

"நான் செய்தா ஒரு மில்லிமீற்றரும் பிழைக்காது."

கஜந்தினி தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே கேட்டாள்.

"அந்தப் பார்ஜ்தானே அண்ணை?"

"ஓம். ஏலாட்டி விடு பிள்ளை. நான் தனியப் பாக்கிறன்."

"இல்ல. நான்தான் பெயின்ற் அடிப்பன். அவரை விழுங்கினதை ஒருக்கா வடிவாப் பாக்கவேணும்."

நானாவிடம் ஒரு பழக்கம் உண்டு. முன்பு ஒரு கடற்படை அதிகாரி, பீரங்கி தவறான பக்கம் பார்க்கிறது என்று மொடலைத் திருப்பி அனுப்பியதில் இருந்து வந்த பழக்கம். வாடிக்கையாளர் தருகிற வரைபடத்தின் ஒவ்வொரு தாளிலும் அவரிடமே கையெழுத்து வாங்குவார். பிறகு அதை எங்கள் மேசைக்கு மேல் சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிடுவார். மொடல் அதன்படிதான் வரும்.

சிவபாதத்தின் ஒபிஸில் புதிதாகச் சேர்ந்த நிரோஜினி என்ற பிள்ளை, அலுமாரியில் இருந்த பழைய சுருளைத் தூசி தட்டிக் கொடுத்திருந்தாள். பார்ஜ் கட்டியபோது போட்ட முதல் வரைபடம். சிவபாதம் விரித்தும் பார்க்காமல் ஆறு தாளிலும் கையெழுத்து வைத்திருந்தார். விளையாட்டுச் சாமானுக்கு எதற்கு வாசிப்பு என்று நினைத்திருப்பார். கூடவே, நிறம் பார்ப்பதற்கு இப்போதைய பார்ஜின் போட்டோ ஒன்றும் அனுப்பியிருந்தார்.

நான் வரைபடத்தைப் பார்த்த உடனே கண்டுகொண்டேன். சொல்லவில்லை. சொல்லாமலே என்ன செய்யலாம் என்று மூன்று நாள் யோசித்தேன். நாலாம் நாள் கஜந்தினியே கண்டுபிடித்தாள்.

"அண்ணை, இஞ்ச வாங்கோ."

கவராயத்தை ஒரு கையிலும் போட்டோவை மறு கையிலும் வைத்துக்கொண்டு நின்றாள்.

"வரைபடத்தில வட்டத்தின்ர கோடு இருபத்திரண்டு எண்ட இலக்கத்துக்கு நேர நிக்குது. போட்டோவில இருபத்தினாலுக்கும் மேல."

"போட்டோ எடுத்த சாய்வா இருக்கும்."

"சாய்வெண்டா இலக்கங்களும் சேர்ந்தெல்லோ சாயவேணும்? இலக்கம் ஒண்டும் அசையேல்ல. வட்டம் மட்டும் ஏறிப்போய் நிக்குது."

அவள் கவராயத்தை மேசையில் வைத்தாள். வட்டம் எதற்கு என்று அவளுக்குத் தெரியும். மூன்று வருசமாக எத்தனை கப்பலுக்கு அந்த வட்டத்தைப் பார்த்துவிட்டாள். முகத்தில் கட்டியிருந்த துணியை இறக்கினாள்.

"அப்ப காரணம் மூடியில்ல."

"இல்ல பிள்ளை."

"பாரம் கூடித்தான் கவிண்டது."

"ஓம்."

"மூடி பூட்டாதவன்ர பெண்சாதி எண்டு என்னை எத்தனை பேர் கதைச்சவை? அவற்ற தாயே ஒரு நாள், என்ர பிள்ளை கவனமில்லாதவன்தான் எண்டு அழுதவ. பெத்த தாயையே நம்ப வைச்சிட்டான்." சத்தம் போடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "உங்களுக்கு முதலே தெரியுமே அண்ணை?"

"ஒரு சந்தேகம் கிடந்தது" என்றேன்.

அவள் போட்டோவில் இருந்த வெள்ளை வட்டத்தில் நகத்தை வைத்தாள்.

"இதை ஏத்தி வைச்ச கை அழுகவேணும். விரல் விரலாக் கழண்டு விழவேணும். ஒரு வாய் சோறு அள்ளி வைக்க ஏலாமப் போகவேணும்."

என் கையில் சாவணம் இருந்தது. சின்ன விரல் விறைத்துப்போயிருந்தது.

"ஏத்தச் சொன்னவன் வேற ஆள்" என்றேன். "முதல்ல அவனைப் பாப்பம்."

"ரெண்டு பேரையும் பாக்கவேணும்."

வரைபடத்தோடு பொலிசுக்குப் போவோம் என்றாள். வேண்டாம் என்றேன். நாங்கள் போய்க் கடதாசியை நீட்டி, அவர்கள் வந்து பார்க்கிறதுக்கு இடையில், சிவபாதம் வட்டத்தைத் திரும்பவும் இறக்கிவிடுவார். ஒரு கிரைண்டரும் ஒரு பகலும் போதும். எனக்குத் தெரியாதா? ஆட்கள் கூடி நிற்கிறபோது, பார்ஜ் கண்ணுக்கு முன்னால் நிற்கிறபோது, அவருடைய வாயாலேயே பொய்யைச் சொல்லவைக்கவேண்டும்.

நிரோஜினி இன்னொன்றும் சொல்லியிருந்தாள். யசோதராவைக் கழுவிப் பெயின்ற் அடித்து, கொடி கட்டி, புது ஒபிஸுக்குப் பக்கத்தில் கரையில் ஏற்றி வைக்கப்போகிறார்களாம். காப்புறுதிக் கம்பனியின் புதுப் பரிசோதகரும் திறப்பு விழாவுக்கு வருகிறாராம். ஜெஸ்மின் என்று ஒரு அம்மா. நாலு பார்ஜுக்கும் காப்புறுதியைப் புதுப்பிக்க அவருடைய கையெழுத்து வேண்டும் என்பதால், முதலாளி அவருக்கு முன் வரிசையில் கதிரை போடச் சொல்லியிருக்கிறாராம்.

"அந்த அம்மா மொடலைப் பாத்தாக் காணும்" என்றேன்.

"முதலாளி அதுக்கு முதல் வந்து பாப்பாரே. கண்டிட்டா?"

"அவர் பாக்கேக்க வட்டம் மேல நிக்கும்."

கஜந்தினி என்னைப் பார்த்தாள். பிறகு வினாகிரிப் போத்தலைப் பார்த்தாள். மூன்று வருசத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. நல்ல சிரிப்பு இல்லை அது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வருவதாகச் சொன்ன சிவபாதம் பன்னிரண்டாகியும் வரவில்லை. மொடல் எண்பது சென்ரிமீற்றர் நீளம், சிவப்பும் கறுப்பும். மற்ற ஸ்டிக்கர் எல்லாம் வினாகிரி பட்டு இறுகிவிட்டன. இரண்டு விலாவிலும் இருந்த இரண்டு வட்டங்கள் மட்டும், போட்டோவில் உள்ள உயரத்தில், ஈரத்தில் நின்றன. அன்று கச்சான் காற்று ஜன்னலைப் போட்டு அடித்தது. அந்தக் காற்றுக்குத் தண்ணீர் நிற்காது. காய்ந்தால் தோல் அந்த இடத்திலேயே பிடித்துவிடும், கழற்றப்போனால் கிழிந்துவிடும். வேறு வட்டம் கையில் இல்லை. ஜன்னலைச் சாத்திவிட்டு, இரண்டு மணித்தியாலம் தூரிகை நுனியால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வைத்தேன். ஒரு பக்கம் வைத்து மறுபக்கம் திரும்புவதற்குள் முதல் பக்கம் மங்கும். தோள் தீயாக எரிந்தது.

"தாங்கோ அண்ணை, நான் வைக்கிறன்."

"வேண்டாம். இது நான் செய்யவேண்டியது."

ஒரு மணிக்குச் சிவபாதம் வந்தார். வெள்ளை உடுப்பு, புது மணிக்கூடு. என்னைக் கண்டதும் வாசலில் ஒரு கணம் நின்றார்.

"நீயே? நீ இஞ்சயே கிடக்கிறாய்?"

"ஓம் முதலாளி. வேற இடத்தில ஆரும் எடுக்கேல்ல."

சிரித்தார். துணியால் முகத்தை மூடிக்கொண்டு நின்ற கஜந்தினியை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. விசாரணையின்போது மூன்று நாள் எதிர்க் கதிரையில் இருந்தவள்.

"பிள்ளை, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொண்டா."

அவள் குசினிப் பக்கம் போனாள். சிவபாதம் போனை எடுத்து, போட்டோவையும் மொடலையும் மாறி மாறிப் பார்த்தார். அவருடைய கண் நேராக வட்டத்துக்குத்தான் போனது. மனிதனுக்குத் தன் களவு எங்கே இருக்கிறது என்று தெரியும்.

"இது சரியான இடத்திலயா?"

"போட்டோவில இருக்கிற மாதிரியே முதலாளி."

விரலை நீட்டினார்.

"தொடாதேங்கோ. இன்னும் காயேல்ல."

விரலை எடுத்தார். என் தோளில் தட்டினார், வலிக்கிற தோளில். "உன்ர கை கெட்டுப்போகேல்லயடா. அண்டைக்குச் செய்ததும் சுத்தமான வேலைதான்."

கஜந்தினி தண்ணீரோடு கதவடியில் நின்றாள். கேட்டிருப்பாள். குவளையை நீட்டினாள். அவர் குடித்து முடித்து, நானாவின் தாளில் 'பார்த்தேன், சரி' என்று கையெழுத்து வைத்துவிட்டுப் போனார்.

"எந்த வேலை அண்ணை, சுத்தமான வேலை?"

"பெயின்ற் வேலை. நான் அங்க பெயின்ற் அடிச்சனான்தானே."

அவள் கதவைச் சாத்தினாள். நான் தூரிகையைத் தோய்த்து, வட்டத்தைச் சுற்றித் தண்ணீர் விட்டு, முப்பது எண்ணினேன். தோல் மெல்ல அசைந்தது. ஐம்பதில் ஒன்றாகச் செய்த மொடலில் ஒரு சாண் நாலரை மில்லிமீற்றர். பென்சிலால் குத்தி வைத்த புள்ளி வரைக்கும் இறக்கினேன். ஒரு பக்கம். பிறகு மறுபக்கம். அன்று மத்தியானத்துக்குள் ஏற்றிய கை, இன்று மத்தியானத்துக்குப் பிறகு இறக்கியது.

"வினாகிரியை நான் வைக்கிறன்" என்றாள் கஜந்தினி.

துளி விழுந்தது. வட்டம் பெயின்ரோடு ஒட்டிக்கொண்டது.

புதன்கிழமை காலை புது ஒபிஸ். மொடலைப் பெட்டிக்குள் வைத்துக்கொடுக்க எங்கள் இருவரையும் நானா அனுப்பியிருந்தார். வரைபடச் சுருளைச் சுவரில் இருந்து கழற்றிக்கொள்ளட்டுமா என்று கேட்டபோது, அவர் என்னையும் கஜந்தினியையும் ஒரு நிமிசம் பார்த்தார்.

"நான் ஒண்டும் கேக்கல்ல" என்றார். "சுருளக் கிழிச்சுப்போடாமக் கொண்டாங்க."

கண்ணாடிப் பெட்டி மண்டபத்தின் நடுவில் இருந்தது. அதற்குமேல் சுவரில், ஓராள் உயரத்துக்கு யசோதராவின் போட்டோவைச் சிவபாதமே மாட்டியிருந்தார். கண்ணாடிச் சுவருக்கு வெளியே, மரக்கட்டைகளின் மேல், கொடி கட்டிய யசோதரா. பெயின்ற்காரரின் ஏணிகூட இன்னும் பக்கத்தில் சாத்திக் கிடந்தது. ஒரே பார்ஜ் மூன்று தரம் நின்றது. இரண்டில் வட்டம் மேலே, ஒன்றில் கீழே.

மங்கள விளக்கேற்றி, பேச்சு முடிந்து, வடையும் தேத்தண்ணியும் வந்தன. ஜெஸ்மின் அம்மா கோப்பையோடு பெட்டிக்குப் பக்கத்தில் வந்தார். ஐம்பது வயதிருக்கும், தட்டைச் செருப்பு, ஆம்பிளைச் சேட்டு. குனிந்து பார்த்தார். நிமிர்ந்து சுவர்ப் போட்டோவைப் பார்த்தார். திரும்பவும் குனிந்தார். கோப்பையைப் பக்கத்து மேசையில் வைத்தார்.

"மிஸ்டர் சிவபாதம், இதில எது சரி?"

"எது மேடம்?"

"மொடல்ல கோடு இருபத்திரண்டில நிக்குது. போட்டோவில இருபத்தினாலுக்கு மேல நிக்குது."

சிவபாதம் பெட்டிக்கு ஓடிவந்தார். பார்த்தார். கழுத்து நரம்பு எழும்பியது. ஆனால் ஆள் பழைய ஆள், உடனே சிரித்துவிட்டார்.

"விளையாட்டுச் சாமான்தானே மேடம். பட்டறைக்காரர் விட்ட பிழை. கூலிக்காரருக்கு என்ன தெரியும்? ஒரு மூடியைக்கூடச் சரியாப் பூட்டத் தெரியாதவங்கள்."

அந்த வசனத்தை அவர் சொல்லாமல் விட்டிருக்கலாம். பழக்கத்தில் வந்துவிட்டது.

கஜந்தினி முன்னால் வந்தாள். "பிழையில்ல மேடம்." சுருளைப் பெட்டியின் மேலே விரித்தாள். "இது முதலாளியின்ர ஒபிஸ் தந்த வரைபடம். ஒவ்வொரு தாளிலயும் அவற்ற கையெழுத்துக் கிடக்கு. நாங்கள் இதன்படிதான் செய்தனாங்கள்."

"ஆரடி நீ?" என்றார் சிவபாதம்.

"மூடி பூட்டாதவன்ர பெண்சாதி."

வடை கொண்டுவந்த பெடியள்கூட நின்றுவிட்டார்கள். ஜெஸ்மின் அம்மா வரைபடத்தை இரண்டு நிமிசம் வாசித்தார். பிறகு கண்ணாடிச் சுவரால் வெளியே பார்த்தார்.

"பார்ஜ் இஞ்சதானே நிக்குது. போய்ப் பாப்பம். ஆரிட்டயாவது சுரண்டி இருக்கா?"

"என்னட்ட இருக்கு" என்றேன். பதினாறு வருசம் பிடித்த அதே சுரண்டி. பைக்குள் போட்டுக்கொண்டு வந்திருந்தேன்.

எல்லோரும் வெளியே வந்தார்கள். ஏணியை விலாவில் சாத்தி ஏறினேன். தோள் பிடுங்கியது.

"எந்த இடத்தில சுரண்டப் போறீங்கள்?" என்று கீழே இருந்து அந்த அம்மா கேட்டார்.

"ஒரு சாண் கீழ. மொடல்ல நாலரை மில்லிமீற்றர் வித்தியாசம். அம்பதால பெருக்கினா ஒரு சாண்."

கணக்குச் சரி. கணக்குக்கு முன்பே என் கைக்கு இடம் தெரியும் என்பதை நான் சொல்லவில்லை.

புதுச் சிவப்பு உரிந்தது. அதன் கீழ் பழைய சிவப்பு. அதன் கீழ் அடிப்பூச்சு. பிறகு இரும்பு தெரிந்தது, கிரைண்டர் உழுத தடம். நான் சுரண்டச் சுரண்ட, வளைந்து வளைந்து ஒரு முழு வட்டம் வந்தது. நடுவில் கோடு. ஐந்து வருசத்துக்கு முன் என் கை எந்தப் பக்கம் அழுத்தி, எந்தப் பக்கம் களைத்தது என்பதுகூடத் தகட்டில் இருந்தது. வெயில் அதில் நேராக விழுந்தது. கீழே நின்ற எல்லோருக்கும் தெரிந்தது.

ஜெஸ்மின் அம்மா போனால் படம் எடுத்தார். பிறகு சிவபாதத்தைப் பார்த்தார்.

சிவபாதம் ஏணியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"டேய் கோணேஸ்! நீ..."

நின்றுவிட்டார். அடுத்த சொல் அவருடைய பல்லுக்குப் பின்னால் நின்றது எனக்குத் தெரிந்தது. 'நீதானேடா ஏத்தினாய்.' அதைச் சொன்னால் வட்டம் ஏறியது என்று ஒப்புக்கொண்டதாகும். ஏற்றியது ஆர் என்றால், ஏற்றச் சொன்னது ஆர் என்று கேட்பார்கள். வாய் திறந்தது, மூடியது, திரும்பத் திறந்தது. கரையில் தூக்கிப்போட்ட மீன் மாதிரி.

நான் இறங்கவில்லை. மேலே நின்றே சொன்னேன்.

"சொல்லுங்கோ முதலாளி. எல்லாரும் கேட்டுக்கொண்டு நிக்கினம்."

கஜந்தினி அவருக்கு முன்னால் போய் நின்று, முகத்தை முகத்துக்கு நேரே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தலையைக் குனிகிற வரைக்கும் நகரவில்லை. அந்தக் காட்சியை நான் ஐந்து வருசம் மனதுக்குள் போட்டுப் பார்த்திருக்கிறேன். நேரில் அதைவிட நன்றாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

அன்று பின்னேரமே நாலு பார்ஜும் நிறுத்தப்பட்டன. நிதுசனின் விசாரணையைத் திரும்பத் திறக்கிறார்கள். அடுத்த மாதம் பதினாலாம் திகதி. அங்கே சிவபாதம் தன்னைக் காப்பாற்ற என் பெயரைச் சொல்லுவார். சொல்லத்தான் போகிறார்.

ஓட்டோவில் திரும்பும்போது கஜந்தினி சுருளை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"மாமிட்டப் போய்ச் சொல்லப்போறன், உங்கட பிள்ளை மூடியைப் பூட்டினவர் எண்டு."

"சொல்லு பிள்ளை."

"ஒராள் முடிஞ்சுது. மற்றவன் மிச்சம். ஏத்தின கை ஆர்ர எண்டு கண்டுபிடிப்பினம்தானே அண்ணை?"

"ஓம்."

"உங்களுக்குத் தெரிய வந்தா எனக்குத்தான் முதல்ல சொல்லவேணும். சரியே?"

"சரி."

மடத்தடிச் சந்தியில் இறங்கி, ஒபிஸில் தந்த வடைப் பொட்டலத்தை என் கையில் திணித்துவிட்டுப் போனாள். கையில் பெலமில்லை, பொட்டலத்தை இடக்கைக்கு மாற்றினேன்.

சிவபாதத்திடம் எனக்கு வரவேண்டியது வந்துவிட்டது. கஜந்தினிக்கு நான் கொடுக்கவேண்டியது ஒன்று இருக்கிறது: யசோதராவின் வட்டத்தை ஏற்றிய கை இதுதான் என்று, பதினாலாம் திகதிக்கு முன், அவளுடைய முகத்தைப் பார்த்துச் சொல்வது. இன்னும் கொடுக்கவில்லை.